வெள்ளிக்கிழமை விழுந்த நம்பர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மகள் கோச்சிங் வகுப்பில் எழுதிய மாதிரிச் சோதனைத் தாளைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு நானும் அவளும் இருந்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற கிரவீன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வேறு எப்படிப் போகும்? ஊருக்குள்ளேயே ஒரு செலக்டிவ் பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் எல்லாரும் அதைச் சுற்றித்தானே ஓடுகிறோம்.

கணக்கில் ஐந்து பிழை. அதில் மூன்று, விடை தெரியாமல் ஊகித்துப் போட்டவை. தெரியாவிட்டாலும் வெறுமையாக விடாதே, ஒன்றைப் போடு என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் மூன்றுக்கும் 'டி' என்றே போட்டிருந்தாள்.

"ஏனம்மா எல்லாத்துக்கும் டி?"

"டி கனநேரமா வரேல்லை அம்மா. இனி வரத்தானே வேணும்."

"ஆர் சொன்னது?"

"அம்மப்பா. அவர்டை கொப்பியிலை அப்பிடித்தானே."

அந்தக் கொப்பியைப் பற்றி எனக்குத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அன்றுவரை நான் விரித்துப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு 78 வயது. எங்கள் பின்வளவில் கிரானி ஃபிளாட்டில் இருக்கிறார். அம்மா போன பிறகு அவருக்கு இருக்கிற பொழுதுபோக்கு மூன்று: தக்காளிப் பாத்தி, யூடியூப், சனிக்கிழமை லொட்டோ. இலங்கையில் தேசிய லொத்தர் சபை தொடங்கியது 1963இல். அப்போது அவர் பள்ளிக்கூடம் போகிற பெடியன். தகப்பனுக்காகச் சந்திக்குப் போய் லொத்தர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்த கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இங்கே வந்த பிறகும் அதை விடவில்லை. கிழமைக்கு ஒரு சீட்டு, ஒரே கடை. அது எங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததும் இல்லை.

கொப்பியைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. இடப்பக்கம் வெள்ளிக்கிழமை வீக்டே விண்ட்ஃபோல் நம்பர்கள், வலப்பக்கம் சனிக்கிழமை லொட்டோ நம்பர்கள், பொருந்துகிற நம்பருக்குச் சிவப்புப் பேனையால் வட்டம். முப்பது கிழமைக்கு எழுதியிருந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார். "வெள்ளிக்கிழமை வாறது ஒரு சோதனை இழுப்பு மாதிரி. அதிலை விழுகிற நம்பரிலை ஒண்டெண்டாலும் அடுத்த நாள் திரும்பி வருது. முப்பதுக்குப் பத்தொன்பது தரம் வந்திருக்கு. எழுதி வைச்சிருக்கிறன், பொய்யே?"

பொய் இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பதுதான்.

இந்த யோசனை அவருக்கு வந்தது அமெரிக்கக் காணொளிகளில் இருந்து. அங்கே பல மாநிலங்களில் மூன்று இலக்க, நான்கு இலக்க விளையாட்டுகள் ஒவ்வொரு நாளும் நடக்கின்றன. உண்மையான சீட்டிழுப்புக்கு முன்னர் அதே இயந்திரத்தை, அதே பந்துகளோடு, சில தரம் ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் சோதனை இழுப்பு. அதில் விழுந்த எண்களைச் சில இடங்களில் வெளியிடவும் செய்வார்கள். அதைச் சுற்றி ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. சோதனையில் 4 இரண்டு தரம் வந்தால் உண்மையில் 4 வராது என்று ஒரு கட்சி, கட்டாயம் வரும் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் வாடிக்கையாளர் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் அப்பா மாதம் 39 டொலர் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது. கார்ட் கணக்கைப் பார்த்து இவர்தான் கண்டுபிடித்தார். ஏழு மாதமாகக் கட்டியிருக்கிறார். பென்ஷன் காசு.

சரி, கேள்விக்கு வருவோம். சோதனை இழுப்பு உண்மையான இழுப்பின் முடிவை மாற்றுமா?

நேர்மையாகச் சொன்னால், மாற்றும். பந்துகள் இயந்திரத்துக்குள் எந்த மூலையில் கிடந்தன, எது எதன்மேல் இருந்தது என்பதில் தொடங்கி எல்லாம் வேறாகிவிடும். முதலில் ஒரு தரம் சுழற்றாமல் விட்டிருந்தால் அன்று வேறு நம்பர்கள் விழுந்திருக்கும். ஒருவர் இயந்திரத்தின் பொத்தானை ஒரு விநாடி பிந்தி அமர்த்தினாலும் அப்படித்தான். ஆனால் எந்தப் பக்கம் மாற்றும் என்பதை ஒருவராலும் சொல்லமுடியாது. 17க்கு இருந்த வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா சோற்றை அகப்பையால் கிளறினால் ஒவ்வொரு சோறும் இடம் மாறும்தான், அதற்காக எந்தச் சோறு கோப்பையில் முதலில் விழும் என்று யாராவது பந்தயம் கட்டுவோமா?

பந்துக்கு நினைவு கிடையாது. வெள்ளிக்கிழமை வெளியே வந்ததும் அதற்குத் தெரியாது, முப்பது கிழமையாக வராமல் கிடப்பதும் தெரியாது. இதை அப்பாவிடம் சொன்னால், "அப்ப இந்தப் பத்தொன்பது?" என்று கொப்பியைத் தட்டுகிறார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் 'மூட நம்பிக்கை' என்று தள்ளிவிட்டுப் போகிறதுதான் எங்கள் தலைமுறை செய்கிற பிழை என்று நினைக்கிறேன்.

பதில் இதுதான். 45 பந்தில் வெள்ளிக்கிழமை ஆறு விழுந்தது. அந்த ஆறும் இல்லாத மற்றப் பந்துகள் 39. சனிக்கிழமை முதல் பந்து அந்த 39க்குள் இருந்து வர 45இல் 39 பங்கு வாய்ப்பு. இரண்டாவது பந்துக்கு 44இல் 38, மூன்றாவதுக்கு 43இல் 37. இப்படியே ஆறு பந்துக்கும் பெருக்கிக்கொண்டு போனால் 0.40 வரும். அதாவது, வெள்ளிக்கிழமை நம்பர் ஒன்றுகூடத் திரும்பி வராமல் இருக்க 40 வீதம்தான் வாய்ப்பு. ஒன்றாவது திரும்பி வர 60 வீதம். எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு இழுப்புக்கு நடுவிலேயே இப்படி. முப்பது கிழமையில் 60 வீதம் என்றால் பதினெட்டு. அப்பா கண்டது பத்தொன்பது.

அவர் பார்த்தது உண்மை. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் பிழை. பழைய நம்பர் ஒன்று திரும்பி வருவது அதிசயம் என்று எங்கள் மனம் நினைக்கிறது. கணக்கு, வராமல் விட்டால்தான் கொஞ்சம் யோசி என்கிறது.

அந்த 39 டொலர்க்காரரின் வித்தையும் இதேதான். கிழமைக்கு 15 நம்பர் அனுப்புவார். "பத்தில் ஒன்பது கிழமை எங்கள் பட்டியலில் ஒரு நம்பராவது விழும்" என்பது அவருடைய விளம்பரம். அது பொய்யே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எந்த 15 நம்பரை எழுதினாலும், சனிக்கிழமை ஆறில் ஒன்றாவது அதற்குள் விழ 93 வீதம் வாய்ப்பு இருக்கிறது. என் மகளின் காலணி அளவு, வீட்டு இலக்கம், தக்காளிக் கன்றுகளின் எண்ணிக்கை என்று எதை எழுதினாலும் சரி. ஒரு நம்பர் மட்டும் பொருந்தினால் பரிசு ஒரு சதமும் இல்லை என்பதை விளம்பரத்தில் எழுதமாட்டார்கள். முதல் பரிசுக்கு ஆறும் பொருந்தவேண்டும், அதற்கான வாய்ப்பு 81 இலட்சத்து 45 ஆயிரத்து 60இல் ஒன்று. பவர்பால் இன்னும் மோசம், 13 கோடியே 44 இலட்சத்துக்கும் மேலான சேர்க்கைகளில் ஒன்று.

"அப்ப ஏன் சோதிச்சுப் பாக்கினம்?" என்று அப்பா கேட்டார். மகளும் பக்கத்தில் இருந்தாள். அந்தக் கதையைச் சொன்னேன். இருவரும் வாய் திறந்து கேட்டார்கள். நீங்களும் வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

1980 ஏப்ரல் 24. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், பிட்ஸ்பர்க்கில் ஒரு தொலைக்காட்சி நிலையம். மூன்று இலக்க லொத்தர் நேரடி ஒளிபரப்பு. மூன்று கண்ணாடிக் கூடுகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை பத்து பிங்பொங் பந்து. காற்று அடிக்கும், பந்துகள் துள்ளும், ஒன்று மேலே குழாயில் ஏறும். அன்று விழுந்தது 6, 6, 6. நிகழ்ச்சியை நடத்திய அறிவிப்பாளர் நிக் பெரியும் கூட்டாளிகளும் முன்கூட்டியே 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துக்குள்ளும் ஊசியால் வெள்ளைப் பெயின்ட் ஏற்றியிருந்தார்கள். பாரம் கூடிய பந்து மேலே எழும்பாது. மிஞ்சுவது 4உம் 6உம். இந்த இரண்டை வைத்து மூன்று இலக்க எண் எட்டுத்தான் வரும். எட்டுக்கும் ஆள் வைத்துச் சீட்டு வாங்கினார்கள். அந்த எட்டு எண்ணுக்கு மட்டும் அள்ளிக் கட்டியிருந்ததுதான் அவர்களைக் காட்டிக் கொடுத்தது. பெரி சிறைக்குப் போனார்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தப் பந்துகளோடு அன்று நான்கு தரம் சோதனை இழுப்பு நடத்தியிருந்தால் பன்னிரண்டு இலக்கம் விழுந்திருக்கும், பன்னிரண்டும் 4 அல்லது 6ஆகத்தான் இருந்திருக்கும். ஒழுங்கான பந்துகளில் அப்படி வர 24 கோடியில் ஒரு வாய்ப்பு. லொத்தர்க்காரர் உடனே பந்துகளைத் தூக்கித் தராசில் போட்டிருப்பார்கள். சோதனை இழுப்பு இருப்பது இதற்காகத்தான். பந்தில், காற்றில், குழாயில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க. வைத்தியர் இரத்தம் குத்திப் பார்ப்பது மாதிரி. குத்திப் பார்த்ததால் சீனி ஏறியது என்று சொல்லமுடியாது.

மகள் விடவில்லை. "அப்ப சோதிச்சா களவு பிடிபடுமா?" எப்போதும் இல்லை என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. எடி டிப்டன் என்பவர் அமெரிக்காவில் பல மாநிலங்களுக்குப் பொதுவான ஒரு லொத்தர் சங்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. வேலிக்கு ஓணான் சாட்சி என்று நாங்கள் சொல்வோமே, இங்கே ஓணானையே காவலுக்கு வைத்திருந்தார்கள். பந்துக்குப் பதிலாகக் கணினி நம்பர் எடுக்கிற முறை அது. அவர் நிரலுக்குள் சில வரிகளை ஒளித்துவைத்தார். வருடத்தில் மூன்று குறிப்பிட்ட தேதிகளில், புதன் அல்லது சனியாக இருந்தால், இரவு எட்டு மணிக்குப் பிறகு மட்டும், கணினி வழக்கமான வழியை விட்டுவிட்டு அவரால் ஊகிக்கக்கூடிய எண்களைத் தரும். மற்ற நாளெல்லாம் அது நல்ல பிள்ளை. எத்தனை ஆயிரம் சோதனை ஓட்டினாலும் சுத்தமாகத்தான் வரும். 2010 டிசம்பர் 29, ஒரு புதன்கிழமை, ஹொட் லொட்டோவில் 1 கோடியே 65 இலட்சம் டொலர் பரிசு அப்படி விழுந்தது. சீட்டு வாங்கும்போது கடையின் கமெராவில் விழுந்த உருவம்தான் கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தது. 2017இல் 25 வருடம்வரை சிறை என்று தீர்ப்பு.

ஆக, சோதனை இழுப்புக்குப் பயன் உண்டு, அது இயந்திரத்தை நடத்துகிறவருக்கு. சீட்டு வாங்குகிறவருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. விளையாட்டு ஒழுங்காக இருந்தால் சோதனை எண்கள் எதையும் காட்டாது. ஒழுங்காக இல்லை என்று காட்டினால், அந்தப் பந்துகளை மேடைக்கே விடமாட்டார்கள். அப்பாவின் வெள்ளிக்கிழமை நம்பரோ சோதனை இழுப்புக்கூட இல்லை, அது தனியாக நடந்து முடிந்த வேறொரு சீட்டிழுப்பு.

"கனநாள் வராத நம்பர் வரும்" என்கிற மற்றக் கட்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மகள் 'டி' போட்டது அந்தக் கட்சியில் சேர்ந்துதானே. இத்தாலியில் ஊருக்கு ஊர் தனித்தனியாக நம்பர் எடுக்கிற லொத்தர் ஒன்று இருக்கிறது. வெனிஸ் நகரத்துச் சக்கரத்தில் 53 என்ற எண் ஏறக்குறைய இரண்டு வருடம் வரவே இல்லை. ஒவ்வொரு தரமும் வராமல் போகப் போக, அடுத்த தரம் கட்டாயம் வரும் என்று சனம் இன்னும் கூடக் கட்டியது. நாடு முழுக்க அந்த ஒரு எண்ணின் மேல் விழுந்த காசு பல நூறு கோடி யூரோ. வீடு விற்றவர்கள், கடன்பட்டவர்கள், உயிரை விட்டவர்கள் என்று செய்தித்தாள்கள் அப்போது எழுதின. 2005 பெப்ரவரி 9ஆம் தேதி 53 வந்தது. அதற்கு முந்தின ஒவ்வொரு நாளும் அதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, அன்றும் அதே அளவுதான்.

இவர் திருச்சிக்காரர். இந்தக் கதை நடக்கும்போது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர், வெனிஸ் எல்லாம் எதுக்கு என்றார். தமிழ்நாட்டில் 1968இல் அண்ணா காலத்தில் அரசாங்கமே லாட்டரி தொடங்கியது, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. தடைக்குப் பிறகும் 'மூணு நம்பர் லாட்டரி' என்று கள்ளத்தனமாக நடந்துகொண்டேதான் இருந்தது. கடைசி மூன்று எண்ணை ஊகித்துக் கட்டுவது. அப்பாவின் காணொளிகளில் இருக்கிற அதே மூன்று இலக்கம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அந்தச் சூதில் ஏறிய கடனால் ஒரு குடும்பமே, குழந்தைகள் உட்பட, இல்லாமல் போனது. "நான் லீவுல ஊருக்குப் போனப்ப டீக்கடையில உக்காந்து நேத்து நம்பரைக் கூட்டிக் கழிச்சுப் பாக்குறவங்களைப் பாத்திருக்கேன் மாமா. எல்லார் கையிலயும் ஒரு நோட்டு இருக்கும்," என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

போன கிழமை விழுந்த அதே ஆறு நம்பர் இந்தக் கிழமையும் விழுமா என்று மகள்தான் பேச்சை மாற்றினாள். விழுந்திருக்கிறது. பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6ஆம் தேதி 4, 15, 23, 24, 35, 42 விழுந்தது. நான்கு நாள் கழித்து, 10ஆம் தேதி, அதே ஆறும் வேறு வரிசையில் விழுந்தது. அரசாங்கம் விசாரணை வைத்தது, சூழ்ச்சி ஒன்றும் அகப்படவில்லை. எனக்குப் பிடித்த விவரம் வேறு. முதல் தரம் ஆறும் பொருந்திய ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டாவது தரம் 18 பேர்! போன தரம் வந்த நம்பரையே திரும்பக் கட்டுகிற ஆட்கள் அங்கும் இருந்திருக்கிறார்கள். பரிசு பதினெட்டாகப் பிரிந்தது.

இதில் லொட்டோ போடுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எந்த நம்பரைத் தெரிந்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் வென்றால் எத்தனை பேரோடு பங்குபோடுவது என்பது மாறும். பிறந்த தேதி, போன கிழமை நம்பர், காணொளிக்காரர் ஆயிரம் பேருக்கு அனுப்பிய பட்டியல் என்று எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அப்பாவின் 39 டொலர், அவருக்குப் பங்காளிகளைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

வாய்ப்பைக் கூட்ட ஒரே வழி கூடச் சீட்டு வாங்குவது. அதையும் ஒருவர் செய்து பார்த்தார். மெல்பேர்னில் இருந்து இயங்கிய ஸ்டெஃபான் மண்டெல் என்ற ருமேனியக் கணக்காளர், ஆயிரக்கணக்கான ஆட்களிடம் காசு சேர்த்து, 1992இல் அமெரிக்காவின் வர்ஜீனியா லொத்தரில் இருந்த 70 இலட்சத்துச் சொச்சம் சேர்க்கைகளையும் வாங்கப் பார்த்தார். நேரம் போதாமல் 50 இலட்சம் அளவில்தான் வாங்க முடிந்தது. என்றாலும் வென்றார். அவர் சோதனை இழுப்பு ஒன்றையும் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு பரிசோதனை செய்தோம். அரிசி வாளியில் 0 முதல் 9 வரை எழுதிய பத்து பிங்பொங் பந்து. மகள் கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள், அது சோதனை இழுப்பு. திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொன்று, அது உண்மை இழுப்பு. இரண்டும் பொருந்தினால் அப்பா சிவப்பு வட்டம் போடவேண்டும். நூறு தரம். தொடர்பு இல்லையென்றால் பத்துத் தரம் அளவில் பொருந்தவேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்தோம். பொருந்தியது பதின்மூன்று.

"பாத்தியே, பாத்தியே!" என்று அப்பா எழும்பிவிட்டார். எனக்கு முகம் விழுந்துபோனது, ஒத்துக்கொள்கிறேன். இப்படி ஒன்றுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நூறு எடுத்தோம். ஏழு. மகள் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இருநூறுக்கு இருபது. சரி பத்து வீதம்!" என்றாள். இப்படி அச்சொட்டாக வந்தது தற்செயல், அதையும் அவளுக்குச் சொன்னேன். பதினேழு வந்திருந்தாலும் இருபத்திமூன்று வந்திருந்தாலும் சரிதான். பிள்ளையோடு இதைச் செய்து பார்ப்பவர்கள், எதிர்பார்க்கிற எண்ணை முதலே எழுதி வைத்துவிட்டு எடுங்கள், முப்பதோடு நிறுத்தாதீர்கள். கொஞ்சத் தரம் எடுத்தால் கண்டபடி ஆடும். அந்த ஆட்டத்தில்தான் காணொளிக்காரர் எல்லாம் சீவிக்கிறார்கள்.

இனி அந்த 'டி'. எங்கள் ஊர்த் தமிழில் பரீட்சைக்கும் சோதனை என்றுதான் சொல்வோம். அதனாலோ என்னவோ, இரண்டும் அவளுக்கு ஒன்றாகிப்போனது. இதில் நான் அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பந்து எத்தனை சோதனை இழுப்பில் விழுந்தாலும் ஒன்றும் படிக்காது. நீ ஒரு மாதிரிச் சோதனை எழுதினால் அடுத்த தரம் நீ வேறு ஆள். பிழைவிட்ட பின்னக் கணக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். பந்துக்கு இல்லாத நினைவு உனக்கு இருக்கிறது, அதனால்தான் மாதிரிச் சோதனை உனக்கு வேலை செய்யும். ஆனால் அதில் வந்த விடை எழுத்துகள் அடுத்த தாளுக்கு ஒன்றும் சொல்லாது.

இங்கே ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. விடைத்தாளை மனிதர் கையால் ஒழுங்குபடுத்தினால் அது பந்து மாதிரி இராது. ஒரே எழுத்து நாலைந்து தரம் தொடர்ந்து வந்தால் எங்களுக்கே ஏதோ பிழை மாதிரித் தெரியும், ஒன்றை மாற்றிவிடுவோம். ஆகவே 'டி கனநேரமாக வரவில்லை' என்பதில் ஒரு நூலளவு உண்மை இருந்தாலும் இருக்கலாம். ஆனால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பதினொரு வயதுப் பிள்ளை ஒரு கேள்வியை வாசிக்காமல் விடுகிறது என்றால் நட்டம் எங்களுக்குத்தான். மூன்றில் ஒன்றை அவள் முழுக்க வாசித்திருந்தாலே இரண்டு விடைகளை வெட்டியிருக்கலாம், இருந்து பார்த்தபோது அவளே அதைச் செய்தாள்.

39 டொலரை நிறுத்த மூன்று மின்னஞ்சல் போடவேண்டியிருந்தது. நான் போடவில்லை, அப்பாவே இருந்து எழுதினார். நான் நிறுத்தியிருந்தால் அவர் வேறொன்றில் சேர்ந்திருப்பார் என்று இவர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். பெற்றோர் கையில் இதைவிடப் பெரிய தொகை போகிறது என்று தெரிந்தால் தேசிய உதவி இலக்கம் 1800 858 858, பெயர் சொல்லாமலும் கதைக்கலாம். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. சனிக்கிழமை சீட்டு தொடர்கிறது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. கடைக்கு நடக்கிறார், நாலு பேரோடு கதைக்கிறார், இரவு பேத்தியோடு இருந்து நம்பர் பார்க்கிறார்.

கொப்பி இப்போது மகளிடம். வட்டம் போடுவதற்கு முன், பக்கத்தின் மேல் மூலையில் '60%' என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறாள். போன சனிக்கிழமை ஒன்றும் பொருந்தவில்லை. அம்மப்பாவுக்குக் கொஞ்சம் கவலைதான். நாலு கிழமையில் இரண்டு வட்டம் இருக்கிறது.